வேரிலேயே பூட்டப்படும் நஞ்சு: காட்மியம் குறைந்த கோதுமை எப்படி உருவாகிறது?

செட்டிநாட்டு வீடுகளில் ரங்கூன் புட்டுக்கு ரவை வறுத்தால், அதன் மணம் இரண்டாங்கட்டிலிருந்து கிளம்பி வளவு தாண்டி முகப்புவரை வரும். தீபாவளிக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்துக் கிண்டும் அல்வாவும் அப்படித்தான். ஆனால் காரைக்குடியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கோதுமை வயல் ஒன்றைக்கூடக் காண முடியாது. நமக்குக் கோதுமை என்பது மூட்டையில் வந்து இறங்கும் பொருள். எந்த மண்ணில் விளைந்தது, என்ன ரகம் என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

அல்வாவுக்கு ஊறப்போட்ட கோதுமையை நான்காவது முறையாகத் தண்ணீர் மாற்றிக் கழுவிக்கொண்டிருந்த என் அப்பத்தா ஒருமுறை கேட்டார்: "இத்தனை தடவை அலசுறோமே, அதுல இருக்கிற விஷமெல்லாம் போயிருமில்ல?" மணியின் மேல் ஒட்டியிருக்கும் தூசியும் மண்ணும் போகும்; வேர் வழியாக ஏறி மணிக்குள்ளேயே தங்கிவிட்டது எத்தனை தண்ணீர் மாற்றினாலும் போகாது என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, "அப்ப அதை வேருலயே நிறுத்தணும்" என்றார். பயிர்ப்பெருக்க அறிவியலாளர்கள் கடந்த முப்பது ஆண்டுகளாகச் செய்துவரும் வேலையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை, உயிரியல் படிக்காதவர்களும் பின்தொடரும்படி இங்கே விளக்குகிறேன்.

உணவுத் தானியத்தில் நாம் அஞ்ச வேண்டிய கன உலோகங்கள் என்று பேசும்போது காட்மியம், ஈயம், பாதரசம், ஆகியவற்றோடு உலோகப்போலியான ஆர்சனிக்கையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். கோதுமையைப் பொறுத்தவரை முதலில் நிற்பது காட்மியம். 1817-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிரீட்ரிக் ஸ்ட்ரோமையர் இதைக் கண்டுபிடித்தபோது, துத்தநாகக் கார்பனேட்டில் கலந்திருந்த மாசாகத்தான் கண்டுபிடித்தார். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காட்மியமும் துத்தநாகமும் வேதியியலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதில்தான் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. காட்மியம் மண்ணுக்குள் பல வழிகளில் வருகிறது. சில பாறைகள் சிதைந்து மண்ணாகும்போது இயல்பாகவே வருகிறது. துத்தநாகச் சுரங்கங்களின் கழிவுநீரிலும், சாக்கடைக் கசடை உரமாக இடும் நிலங்களிலும் வருகிறது. பாஸ்பேட் பாறையிலிருந்து தயாராகும் உரங்களில் சிறிதளவு கலந்து, ஆண்டுக்காண்டு சேர்ந்துகொண்டும் வருகிறது. அமிலத்தன்மை கூடிய மண்ணில் அது எளிதாகக் கரைந்து வேருக்குக் கிடைக்கும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண்ணில் அவ்வளவாகக் கிடைக்காது.

இது உடலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை உலகம் ஜப்பானில் கண்டது. டொயாமா மாகாணத்தில் ஓடும் ஜின்சு ஆற்றில், மேற்பகுதியிலிருந்த கமியோகா சுரங்கத்தின் கழிவு பல பத்தாண்டுகள் கலந்து வந்தது. அந்த ஆற்று நீரில் விளைந்த அரிசியை உண்டவர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகள் பெற்ற நடுவயதுப் பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டு எலும்புகள் மெலிந்து, இருமினால்கூட விலா முறியும் நிலை வந்தது. நோயாளிகள் வலியில் கதறிய சொல்லே நோய்க்குப் பெயராகி, 'இத்தாய் இத்தாய்' என்று அழைக்கப்பட்டது. நம் மொழியில் 'வலிக்கிறதே, வலிக்கிறதே' என்பதுதான் அதன் பொருள். காட்மியமே இதற்குக் காரணம் என்று ஜப்பான் அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது. 1993-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை காட்மியத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது.

அது கொடுமையான தொழிற்சாலை மாசு. எல்லாக் கோதுமையும் அப்படி என்று யாரும் அஞ்சத் தேவையில்லை. செட்டிநாட்டுக் கடைகளில் விற்கும் கோதுமை நஞ்சு என்றும் நான் சொல்லவில்லை. ஆனாலும் காட்மியத்திடம் ஒரு குணம் உண்டு: சிறுநீரகத்துக்குள் நுழைந்தது எளிதில் வெளியேறாது. அங்கே சேர்ந்ததில் பாதி குறைவதற்கே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒருநாள் உண்பதைக் காட்டிலும் ஒரு வாழ்நாள் முழுவதும் உண்பதுதான் கணக்கில் வரும். கோதுமை மணியில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் இருக்கக் கூடாது என்பது பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த வரம்பு. நூறு கிலோ மூட்டைகள் ஐம்பதை அடுக்கினால், அத்தனையிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய அளவா என்று தோன்றும். ஆனால் உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு 2010-இல் சொன்ன தாங்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு மாதம் ஒன்றரை மில்லிகிராம். வரம்பின் விளிம்பில் உள்ள கோதுமையை அவர் நாளொன்றுக்குக் கால் கிலோ உண்டால், கோதுமை ஒன்றிலிருந்தே அந்த ஒன்றரை மில்லிகிராம் நிறைந்துவிடும். கீரையும் அரிசியும் பருப்பும் கொண்டுவருவதற்கு இடமே மிச்சமிராது. மூன்று வேளையும் சப்பாத்தி உண்ணும் பகுதிகளுக்கும், நீரிழிவுக்காக இரவுச் சோற்றை விட்டுக் கோதுமைக்கு மாறிவிட்ட நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் சாதாரணக் கோதுமைக்கு 0.10, பாஸ்தாவுக்குப் பயன்படும் டியூரம் கோதுமைக்கு 0.18 மில்லிகிராம் என்று தன் வரம்பை இறுக்கியதற்கும் இத்தகைய கணக்குகளே பின்னணி.

இனி வேருக்கு வருவோம். செடிக்குத் துத்தநாகம், இரும்பு, மாங்கனீஸ் எல்லாம் வேண்டும். அவற்றை மண்ணிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ள வேர்ச் செல்களின் சவ்வில் தனித்தனிப் புரதங்கள் வாசல்போல் அமைந்திருக்கின்றன. துத்தநாகத்துக்கென்று திறக்கும் வாசலில் அதன் சாயலிலேயே இருக்கும் காட்மியமும் நுழைந்துவிடுகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் சொந்தக்காரரின் முகச்சாயல் உள்ளவரை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை அல்லவா, அதுபோலத்தான். செடிக்குக் காட்மியத்தால் எந்தப் பயனும் இல்லை. அதை விரும்பி எடுப்பதும் இல்லை.

உள்ளே வந்ததைச் செடி என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு வேர்ச் செல்லுக்குள்ளும் வாக்குவோல் எனப்படும் பெரிய நீர்ப்பை ஒன்று இருக்கிறது. நம் பழைய வீடுகளில் புழங்காத சாமான்களை எடுத்து வைத்துப் பூட்டிவிடும் அறை இருக்குமே, அந்த வேலையைச் செல்லுக்குள் இந்தப் பை செய்கிறது. பையின் சவ்வில் எச்.எம்.ஏ.3 என்ற பம்பு ஒன்று உண்டு. அது செல்லின் ஆற்றலைச் செலவழித்துக் காட்மியத்தைப் பிடித்து உள்ளே தள்ளிப் பூட்டிவிடும். பூட்டப்பட்டது வேரோடு நின்றுவிடும். பம்பு வேலை செய்யாத செடியிலோ காட்மியம் செல்லுக்குள் அலைந்துகொண்டிருந்து, தண்டுக்கு நீரேற்றும் சைலம் குழாய்க்குள் நுழைந்து, இலைக்குப் போய், கதிர் பால்பிடிக்கும் காலத்தில், இலையிலிருந்து உணவைக் கடத்தும் புளோயம் குழாய் வழியாக மணிக்கு வந்து சேரும். ஒரே வயலில், ஒரே மண்ணில், அருகருகே நிற்கும் இரண்டு ரகங்களின் மணிகளில் காட்மியம் இரண்டு மடங்கு வேறுபடுவதற்கு இந்த ஒரு பம்பு போதும்.

டியூரம் கோதுமையில் இது விளங்கிய விதத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். பாஸ்தாவுக்கும் கெட்டியான ரவைக்கும் பயன்படும், மணி கண்ணாடிபோல் கடினமாக இருக்கும் இனம் டியூரம். சப்பாத்தி மாவுக்கான சாதாரணக் கோதுமையைவிட இது காட்மியத்தை அதிகம் சேர்க்கக்கூடியது என்பது பல காலமாகத் தெரிந்த செய்தி. உலகச் சந்தைக்கு டியூரம் அனுப்பும் நாடுகளில் கனடா முதன்மையானது. அங்குள்ள புல்வெளி மாநிலங்களின் மண்ணில் சில இடங்களில் காட்மியம் இயற்கையாகவே கூடுதலாக உண்டு. வாங்கும் நாடுகள் வரம்பை இறுக்கினால் உழவர்களின் விளைச்சல் துறைமுகத்திலேயே நின்றுவிடும் என்பதால், கனடிய அறிவியலாளர்கள் 1990-களில் உலகெங்குமிருந்து திரட்டிய டியூரம் வகைகளை அளந்து பார்த்தார்கள். சில வகைகள் குறைவாகவும் சில வகைகள் கூடுதலாகவும் சேர்த்தன. நடுவில் அதிகம் இல்லை. இரண்டு வகைகளையும் கலந்து சந்ததிகளை ஆராய்ந்தபோது, பள்ளிப் பாடத்தில் மெண்டலின் பட்டாணியில் நாம் படித்த அதே ஒழுங்கு தெரிந்தது: ஒரே ஒரு மரபணு, அதில் குறைவாகச் சேர்க்கும் பண்பே ஓங்குபண்பு, அதாவது இரண்டும் கலந்த செடியில் வெளிப்படுவது அதுவே. சி.டி.யு.1 என்று பெயரிடப்பட்ட அந்த இடம் 5பி என்னும் குரோமோசோமில் இருப்பது பின்னர் தெரியவந்தது. மணியில் காணும் காட்மிய வேறுபாட்டில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அந்த ஓர் இடத்தாலேயே விளைகிறது. விளைச்சல், வறட்சி தாங்கும் திறன் போன்ற பண்புகளுக்கு நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து காரணமாவதை எண்ணினால், இது பயிர்ப்பெருக்கத் துறைக்கு வாய்த்த பெரும்பேறு.

2019-இல் டியூரம் கோதுமையின் முழு மரபணுத் தொகுதியும் வெளியானபோது அந்த இடத்தில் இருப்பது என்ன என்பது உறுதியானது. அது நாம் மேலே பார்த்த பம்புக்கான மரபணுதான். அதிகம் சேர்க்கும் ரகங்களில் அந்த மரபணுவின் எழுத்துவரிசையில் 17 எழுத்துகள் இருமுறை வந்துவிட்டன. ஒரு சொல்லின் நடுவே எழுத்துகள் இரட்டித்தால் அதற்குப் பிறகு வாக்கியமே குழம்பிவிடும். அதுபோலப் பம்பு பாதியில் முடிந்து பயனற்றுப் போகிறது. அந்த ஆய்வில் என்னைத் திகைக்கவைத்தது வேறொரு செய்தி. டியூரத்தின் மூதாதையான காட்டு எம்மர் கோதுமையில் இந்தப் பிழை காணப்படவில்லை. மனிதர் பயிரிடத் தொடங்கிய எம்மரில் அது தலைகாட்டி, இன்றைய டியூரம் ரகங்களில் பரவலாகிவிட்டது. யாரும் அதை வேண்டுமென்று தேர்ந்தெடுக்கவில்லை. விளைச்சலையும் மணியின் நிறத்தையும் மாவின் தரத்தையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தவர்கள் காட்மியத்தை அளக்கவே இல்லை. அளக்காதது கண்ணில் படாமல் கூடவே வந்துவிட்டது. எம்மர் இனத்தைச் சம்பா கோதுமை என்று நாம் மதிக்கிறோம், அதன் சுவைக்கும் நாருக்கும் அந்த மதிப்புத் தகும். ஆனால் பழைய ரகம் என்பதாலேயே அதில் பம்பு சரியாக இருக்கும் என்றோ, புதிய ரகம் என்பதாலேயே கெட்டிருக்கும் என்றோ முடிவுகட்ட இயலாது. ஒவ்வொன்றையும் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

சோதித்தபின் செய்யும் கலப்பை அருகிலிருந்து பார்க்க வேண்டும். கோதுமைப் பூ தன்மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும். ஆகவே தாயாக எடுத்துக்கொண்ட கதிர் இலையுறையிலிருந்து வெளிவந்ததும், பூக்கள் பழுக்குமுன்பே, ஒவ்வொரு பூவையும் விரலால் மெல்ல விரித்து, உள்ளே பச்சை மாறாமல் நிற்கும் மூன்று மகரந்தப் பைகளையும் நுனி கூர்ந்த இடுக்கியால் எடுத்துவிடுகிறார்கள். ஒரு பை உடைந்தாலும் அந்தப் பூ வீண். பிறகு கதிருக்குக் காகித உறை மாட்டிவிடுகிறார்கள். சில நாள்களில், மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி இறகுபோல் விரிந்ததும், பம்பு நன்றாக வேலை செய்யும் ரகத்தின் மகரந்தத்தை அதன்மேல் தூவி, மறுபடியும் உறையை மூடி, தேதியும் பெயரும் எழுதிக் கட்டுகிறார்கள். பூப்பறித்து மாலை கட்டும் கைகளுக்கு இருக்கும் பொறுமை இதற்கு வேண்டும்.

இப்படிப் பிறந்த செடியில் நல்ல பம்பு வந்துவிடும். கூடவே அந்தத் தந்தை ரகத்தின் வேண்டாத குணங்களும், உயரமோ நோய்க்கு இளகும் தன்மையோ, பாதிக்குப் பாதி வரும். அவற்றைக் கழிக்க, பிறந்த செடியை நம் நல்ல ரகத்தோடு மீண்டும் மீண்டும் கலப்பார்கள். இதற்குப் பிற்கலப்பு என்று பெயர். ஒவ்வொரு முறையும் அயலாரின் பங்கு பாதியாகக் குறையும். ஆறு முறை செய்தால் நல்ல ரகத்தின் பங்கு 99 விழுக்காட்டைத் தாண்டிவிடும். நாம் வைத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு பம்பை மட்டும். ஆனால் அது தொலைந்துவிடவில்லை என்பதை ஒவ்வொரு தலைமுறையிலும் எப்படி அறிவது? முன்பெல்லாம் செடி முற்றி, மணி வந்து, அரைத்து, அமிலத்தில் கரைத்து, விலையுயர்ந்த கருவியில் அளந்தாக வேண்டும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வளாகத்தைக் கடந்து போகிறவர்களுக்கு ஒரு செய்தி: கரைசலில் கிடக்கும் மிகமிகச் சிறிதளவு காட்மியத்தை மின்முனையில் படியவைத்து, பின் உரித்தெடுத்து அளக்கும் முறையும் மின்வேதியியல் தந்ததுதான். எந்த முறையானாலும் ஆயிரக்கணக்கான செடிகளுக்கு அது கட்டுபடியாகாது. இப்போது நாற்றுப் பருவத்திலேயே இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளி, டி.என்.ஏ.வைப் பிரித்து, சி.டி.யு.1 இடத்துக்குரிய அடையாளக்குறி இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். இல்லாத நாற்றுகள் அன்றே கழிக்கப்படுகின்றன. இதற்கு மூலக்கூறு அடையாளக்குறிவழித் தேர்வு என்று பெயர். இதில் வேற்று உயிரின் மரபணு எதுவும் புகுத்தப்படுவதில்லை. கோதுமைக்குள் கோதுமையின் குணத்தையே இடம் மாற்றுகிறார்கள்.

கனடாவில் 2004-இல் வெளியான ஸ்ட்ராங்ஃபீல்ட் என்ற டியூரம் ரகம் காட்மியம் குறைந்த வகை. சில ஆண்டுகளிலேயே அந்நாட்டு உழவர்கள் மிகுதியாக விதைத்த டியூரம் ரகமாக அது ஆனது. காட்மியத்துக்காக மட்டுமன்று, விளைச்சலும் புரதமும் நன்றாக இருந்ததால்தான் உழவர் அதை விரும்பினார்கள். காட்மியம் குறைவு என்பதற்காக எந்த உழவரும் பத்து மூட்டை குறைவாக அறுக்கச் சம்மதிக்கமாட்டார், சம்மதிக்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமில்லை. நல்லவேளையாக, இந்தப் பம்பு விளைச்சலைத் தொடுவதில்லை.

துத்தநாகம் குறைந்துவிடாதா என்ற கேள்வி எழ வேண்டும். வாசலையே அடைத்தால் குறையத்தான் செய்யும். ஆனால் இங்கே வாசலை அடைக்கவில்லை. நுழைந்தபின் காட்மியத்தை மட்டும் பிரித்துப் பூட்டுகிறோம். அந்த ஒரு மரபணுவில் மட்டும் வேறுபடும் இணைரகங்களை ஒப்பிட்டதில், காட்மியம் பாதியானபோதும் துத்தநாகம் பெரிதாக மாறவில்லை. இரத்தசோகையும் துத்தநாகக் குறைவும் உள்ள நம் நாட்டுக்கு இது மிக முக்கியமான வேறுபாடு. துத்தநாகம் செறிந்த கோதுமை ரகங்களை இந்தியா வெளியிட்டுவரும் இந்தக் காலத்தில், துத்தநாகத்தோடு காட்மியமும் ஏறிவிடாமல் இரண்டையும் ஒருசேர அளக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஈயத்துக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. அது பெரும்பாலும் வேரிலேயே நின்றுவிடும். மணியில் காண்பதில் கணிசமான பங்கு காற்றுத் தூசியாக மேலே படிவது. அதற்கு அப்பத்தாவின் அலசல்தான் மருந்து.

நம் ஊருக்கு நெருக்கமானது நெல். அதே பம்பு நெல்லிலும் உண்டு, அதே வகையில் பழுதான நெல் ரகங்களும் உண்டு. ஆனால் நெல்லில் தண்ணீர் ஒரு தனிச் சிக்கலைக் கொண்டுவருகிறது. வயலில் நீர் நின்றால் மண்ணில் காற்று அற்றுப்போய்க் காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். நீர் வடிந்து மண் காய்ந்தால் அது விடுபட்டு வேருக்குக் கிடைக்கும். ஆர்சனிக் நேர்மாறு: நீர் நிற்கும்போது விடுபட்டு, சிலிக்கான் நுழையும் வாசல் வழியாக நெல்லுக்குள் போகும், காய்ந்தால் இரும்போடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கண்மாயை நம்பி நெல் வைக்கும் சிவகங்கைச் சீமையில் கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் மடை வறண்டுபோவது புதிதன்று. இரண்டு நஞ்சும் உள்ள மண்ணில் உழவர் நீரை நிறுத்தினாலும் ஒன்று கூடும், வடித்தாலும் மற்றொன்று கூடும். சோறு வடித்துக் கஞ்சியை இறக்கும் நம் பழைய வழக்கம் ஆர்சனிக்கில் ஒரு பங்கைக் குறைக்கும். காட்மியத்துக்கு அது பெரிதாகப் பயன்படாது.

இந்த முடிச்சை ஜப்பானியர் வேரின் வாசலிலிருந்தே அவிழ்த்தார்கள். நெல்லில் காட்மியம் நுழையும் முதன்மையான வாசல் என்ராம்ப்5 என்ற புரதம். மாங்கனீஸுக்கும் அதுவே வாசல். 2012-இல் வெளியான ஆய்வில், கோஷிஹிகாரி என்ற புகழ்பெற்ற ரகத்தின் விதைகளைக் கார்பன் அயனிக் கற்றையில் காட்டி, அந்த வாசல் அடைபட்ட செடிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றின் அரிசியில் காட்மியம் ஏறத்தாழ இல்லாமலே போனது. விலை ஒன்று உண்டு: மாங்கனீஸும் குறைவதால், அது போதாத மண்ணில் பழுப்புப் புள்ளி நோய் எளிதில் பற்றும், அங்கே மாங்கனீஸ் இட வேண்டும். பூட்டுவதற்கும் அடைப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே கண்கூடு, அதனால் கோதுமையின் பம்பு வழியே மேலானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அந்தக் குணத்தை அகிடாகொமாச்சி ரகத்துக்குப் பிற்கலப்பால் கொண்டுவந்து, அகிடா மாகாணம் 2025 முதல் புதிய விதைக்கு மாறியது. இத்தகைய நெல்லை நட்ட வயலில் காட்மியத்துக்கு அஞ்சி நீரை நிறுத்திவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இடையிடையே மண்ணை உலரவிட்டு ஆர்சனிக்கைக் குறைக்கலாம், கண்மாயில் மிஞ்சும் அந்த நீரைக் கடைமடை வயலுக்கும் திறந்துவிடலாம்.